ஏறாத கப்பல்

பாப்பாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. கடைசியாகப் பிறந்தவள், கல்யாணமாகாமல் பிறந்த வீட்டிலேயே தங்கிவிட்டவள் என்பதால் அந்தச் செல்லப்பெயரை அவளிடமிருந்து கழற்றி வைக்க எவருக்கும் தோன்றவில்லை. அண்ணனின் பேரக்குழந்தைகளும் பேச்சு வந்ததும் அவளைப் பாப்பா என்றே கூப்பிட்டன. நரைத்த தலையோடு ஒருத்தி அந்தப் பெயருக்கு "இதோ வந்துட்டேன்" என்று ஓடுவதை வீட்டுக்கு வருபவர்கள் வேடிக்கையாகப் பார்ப்பார்கள். வீட்டிலிருப்பவர்களுக்கு அதில் வேடிக்கை ஒன்றும் தெரிவதில்லை.

"பாப்பா! வயசானவன் கூப்பிட்டா மட்டும் உனக்குக் காது அடைச்சுக்குமோ?"

கீழறையிலிருந்து அப்பாவின் குரல். எண்பத்தாறு வயது. இடுப்பெலும்பு முறிந்து படுத்த படுக்கையான பிறகு அவர் உடம்பில் ஓடியாடித் திரிவது நாக்கு ஒன்றுதான். அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"நான் போனதும் என் சாம்பலை எங்கப்பா முழுகின இடத்துல கொண்டுபோய்ப் போடணும். கரையில நின்னு வீசிட்டு வர்ற கதையெல்லாம் வேண்டாம். அந்த இடத்துலயே போடணும். எதுன்னு கண்டுபிடி."

"கடல்ல இடமா? மைல்கல் நட்டு வெச்சிருக்காங்களா என்ன?"

"எந்த இடத்துல முழுகுச்சுன்னு எவனாவது எழுதி வெச்சிருப்பான். உங்கண்ணனுக்கு ஆபீஸ் இருக்கு. நீ மருந்துக்கடையில சும்மா நிக்கிறதுதானே?"

சும்மா நின்று நின்று அவள் கெண்டைக்காலில் நரம்புகள் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தன. அவள் அதைச் சொல்லவில்லை. சொன்னால், உட்கார்ந்து பார்க்கிற வேலையாகப் பார்த்திருக்கலாமே என்பார்.

அந்த வீட்டின் சட்டதிட்டங்கள் அனைத்தும் அந்த ஒரு மரணத்திலிருந்து பிறந்தவை. அப்பாவுக்கு ஐந்து வயதாக இருந்தபோது, அவருடைய அப்பா ஒரு சரக்குக் கப்பலில் கொதிகலனுக்குக் கரி வாரிப் போடும் வேலைக்குக் கையெழுத்திட்டு, தகரப்பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் கிளம்பிப் போனார். மூன்றாவது வாரம் கப்பல் புயலில் சிக்கி, ஒருவரும் மிஞ்சாமல் மூழ்கிப்போனது. கம்பெனியின் வாசற்கதவில் ஒட்டப்பட்ட பெயர்ப்பட்டியலைப் பார்ப்பதற்கு, அம்மாவின் இடுப்பில் இருந்தபடி கூட்டத்தில் நசுங்கியதை அப்பா எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் கூட்டம் கொஞ்சம் பெருக்கும்.

"எங்கப்பனைத் தின்ன மீனை நான் தின்னணுமா?" என்று அன்று தட்டைத் தள்ளியவர் பிறகு மீனைத் தொட்டதே இல்லை. தான் தொடாததை மனைவியும் மக்களும் தொடக்கூடாது என்பது அதன் இயல்பான தொடர்ச்சி. பிள்ளைகள் நீச்சல் கற்கக்கூடாது. பள்ளியில் கடற்கரைக்கு அழைத்துப்போகும் நாளன்று இருவருக்கும் தவறாமல் காய்ச்சல் வந்தது. மீன் பொரிக்கும் பக்கத்து வீட்டை நோக்கிய சமையலறை ஜன்னல் ஆணி அடித்து மூடப்பட்டது. வெளியேற வழியில்லாத அடுப்புப் புகைக்குள்ளேயே சமைத்துச் சமைத்து அம்மா செத்தாள். அவளை எடுத்துக்கொண்டு போன அன்று, வந்தவர்களுக்கு மூச்சு முட்டுகிறதென்று, ஆணியைப் பிடுங்கினார்கள்.

இவற்றையெல்லாம் பாப்பா மன்னித்திருப்பாள். மன்னிக்க முடியாத ஒன்று அவளுடைய இருபத்துநான்காம் வயதில் நடந்தது. அவளைப் பெண் கேட்டு வந்தவன் கப்பலில் என்ஜின் பிரிவில் இருந்தான். கேட்டு வந்தது மரியாதைக்காக. அதற்கு ஓராண்டு முன்பே அவர்கள் இருவரும் தீர்மானித்துவிட்டிருந்தார்கள். அப்பா அவனை உட்காரச் சொல்லவில்லை.

"கடலுக்குப் போறவனுக்குப் பொண்ணைக் குடுத்தா, வாசலைப் பார்த்துக்கிட்டே கிழவியாயிடுவா. எங்கம்மாவைப் பார்த்து வளர்ந்தவன் நான்."

"அப்படின்னா கப்பல் வேலையை விட்டுடறேங்க" என்றான் அவன், நின்றபடியே.

"வேலையில்லாதவனுக்கும் குடுக்கறதா இல்லை."

அந்தப் பதிலின் சாமர்த்தியத்தை அப்பா பல வருடங்கள் விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரித்தார். பாப்பா வாசல் எதையும் பார்க்காமலே கிழவியானாள். கடல் அவனை ஒன்றும் செய்யவில்லை. ஓய்வுபெற்று, தொந்தி போட்டு, ஒரு நாள் மனைவியோடு அவளுடைய மருந்துக்கடைக்கே சர்க்கரை மாத்திரை வாங்க வந்தான். சீட்டிலிருந்த பெயரைப் படித்துவிட்டு அவள் நிமிரவில்லை; சாப்பாட்டுக்கு முன் ஒன்று, பின் ஒன்று என்று எடுத்து வைத்தாள். "இவருக்கு மறந்துடும்ங்க, கொஞ்சம் எழுதிக் குடுங்க" என்றாள் அந்த மனைவி. எழுதிக் கொடுத்தாள்.

'நான் செஞ்சது தப்பு' என்று அப்பா ஒரே ஒரு முறை சொல்ல வேண்டும். அதைக் கேட்காமல் அவரைச் சாக விடுவதில்லை என்ற வைராக்கியத்தில்தான் அவரைக் குளிப்பாட்டினாள், ஊட்டினாள், முதுகில் புண் வராமல் புரட்டிப் போட்டாள். பார்த்தவர்கள் அதைப் பாசம் என்றார்கள்.

துறைமுக ஆவணங்களைப் பாதுகாக்கும் அலுவலகம் ஒரு பழைய கிடங்கின் மாடியில் இருந்தது. அதைப் பார்த்துக்கொள்பவருக்குத் தூசியால் தீராத ஜலதோஷம். மூக்கைத் துடைத்தபடியே வரவேற்றார்.

"யாரைத் தேடறீங்க?"

"எங்க தாத்தாவை. கப்பலோட முழுகினவர்."

"அழுகை வந்தா முன்கூட்டியே சொல்லிடுங்க. பழைய காகிதம், ஈரம் பட்டா மை ஓடிடும்."

"எனக்கு வராது."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க" என்று சொல்லிவிட்டு அவர் காகிதக் கட்டை எடுத்து வந்தார்.

மருத்துவர்களின் கிறுக்கலையே படித்துப் பழகிய கண்ணுக்குப் பழைய எழுத்து ஒரு பொருட்டாக இல்லை. வேலைக்குச் சேர்ந்தவர்களின் பட்டியலில் தாத்தா இருந்தார்: பெயர், வயது, உயரம், பணி, அடையாளமாக இடக்கைச் சுட்டுவிரலில் மேல்கணு இல்லை என்ற குறிப்பு. மூழ்கிய இடத்தைப் பற்றி மட்டும் கம்பெனித் தாள்களில் ஒரு வரியும் இல்லை.

"பைலட்டுங்க கட்டைப் பார்க்கறீங்களா?" என்றார் ஆவணக்காரர். "கப்பல் கிளம்பறப்போ பைலட் ஒருத்தர் ஏறி, துறைமுக வாய் தாண்டுற வரைக்கும் வழிகாட்டிட்டு, சின்னப் படகுல திரும்பிடுவார். எந்தத் திசையில போறோம், கடைசி நேரத்துல யார் ஏறினாங்க, யார் வரலைன்னு ஒரு துண்டுச் சீட்டுல எழுதி அவர் கையில குடுத்தனுப்புவாங்க. அதைக் கம்பெனியில சேர்க்கணும். இவங்க என்ன பண்ணுவாங்க தெரியுமா? ராத்திரி பூரா முழிச்சிருந்த அலுப்புல, தங்களோட ஆபீஸ் கம்பியில குத்தி வெச்சிட்டு வீட்டுக்குத் தூங்கப் போயிடுவாங்க. கம்பெனிக்கு எவன் தூக்கிட்டு அலையறது?"

கம்பித் துளையோடு அந்தச் சீட்டு அப்படியே இருந்தது. திசை பற்றி ஒரு வரி. அதன் கீழே: கரி வாருபவர்களில் ஒருவர் வந்து சேரவில்லை, ஆள் குறைவாகவே புறப்படுகிறோம். அடுத்து, வராதவரின் பெயர்.

பாப்பா அதை இரண்டாம் முறை படித்தபோது சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது.

"என்னங்க, சிரிக்கிறீங்க?"

"சிரிச்சா மை ஓடாதில்ல?"

கம்பெனி தன்னிடமிருந்த பழைய பட்டியலைப் பார்த்து இறந்தவர்களை அறிவித்திருக்கிறது. சீட்டு கம்பியில் தூங்கியிருக்கிறது. கப்பலில் கால் வைக்காத மனிதர் கடலில் இறந்துபோயிருக்கிறார்.

அப்படியென்றால் அவர் எங்கே போனார் என்பது அடுத்த கேள்வி. கடலில் செத்தவரை மருத்துவமனைப் பதிவேட்டிலோ இடுகாட்டுப் பதிவேட்டிலோ இதுவரை எவரும் தேடியதில்லை. பாப்பா விடுமுறை நாட்களில் தேடினாள், கிடைத்தார். அவர் பெயரைக்கூட மாற்றிக்கொள்ளவில்லை. துறைமுகத்தின் எதிர்க்கரையில், படகேறினால் ஒரு வெற்றிலை மென்று துப்பும் நேரத்தில் போய்ச் சேரக்கூடிய இடத்தில், கரிக்கிடங்குக் காவலாளியாக இருந்து, எழுபதைக் கடந்த வயதில் அரசு மருத்துவமனையில் இறந்திருக்கிறார். அடையாளம்: இடக்கைச் சுட்டுவிரலில் மேல்கணு இல்லை. உறவினர் என்ற கட்டத்தில் ஒரு கோடு மட்டும் இழுத்திருந்தார்கள். அவர் சாகும்போது அவளுக்குப் பதினெட்டு வயது.

அவர் வாடகைக்கு இருந்த வீடு இன்னும் நின்றது. வீட்டுக்காரரின் மகள், பாப்பாவைவிடக் கொஞ்சம் மூத்தவள், மாடிப்படிக்குக் கீழே இருந்த அறையைத் திறந்து காட்டினாள். அதில் இப்போது உடைந்த நாற்காலிகள் கிடந்தன.

"பெரியவரா? இருக்கிறதே தெரியாது. பொண்டாட்டி, பிள்ளை, போக்குவரத்து எதுவும் கிடையாது. இப்படித் தனியா இருக்கீங்களேன்னு எங்கம்மா ஒருதரம் கேட்டாங்க. 'நான் செத்துப்போய் ரொம்ப வருஷமாச்சும்மா'ன்னாரு. தமாஷ் பண்றாருன்னு விழுந்து விழுந்து சிரிச்சோம்."

ஏன் கப்பலேறவில்லை, ஏன் வீடு திரும்பவில்லை என்பதற்கு எந்தப் பதிவேட்டிலும் கட்டம் கிடையாது. பாப்பாவும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. திரும்பி வரும் படகில் அவள் மனம் வேறொன்றை ருசித்துக்கொண்டிருந்தது. எண்பது வருடங்களாக அப்பா எதன் மேல் நின்று எல்லோரையும் அதட்டினாரோ, அந்தப் பலகையின் ஆணி இப்போது அவள் கையில் இருந்தது.

மாடியில் அண்ணனிடமும் அண்ணியிடமும் விஷயத்தைச் சொன்னாள். அண்ணனின் முகத்தில் ஈயாடவில்லை.

"இதைப் போய் அவர்கிட்ட சொல்லப் போறியா? சாகப்போற மனுஷன். வடக்கே இத்தனை, கிழக்கே இத்தனைன்னு வாய்க்கு வந்த ஒரு கணக்கைச் சொல்லிட்டுப் போ. அவரென்ன நீந்திப் போய் அளந்து பார்க்கப் போறாரா?"

"அப்புறம் அங்க நிஜமாவே போகணும்பார்" என்றாள் அண்ணி. "நடுக்கடலுக்கு யார் போறது? எனக்குக் குளத்தைப் பார்த்தாலே குமட்டும்."

"அப்போ அவர் இருக்க மாட்டாரே! கரையில போட்டா வந்து கேட்கவா போறார்?"

"அதுவும் சரிதான்" என்று அண்ணி ஒப்புக்கொண்டாள். "பாப்பா, பேசாம ஒரு இடத்தைச் சொல்லிடு. நல்லதா நாலு எண்ணாப் பார்த்துச் சொல்லு."

பாப்பா படியிறங்கிக் கீழறைக்குப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவருக்குச் சவரம் செய்யும்போது சொன்னாள். முகத்தின் ஒரு பாதி முடிந்திருந்தது. மறு பாதியில் சோப்பு நுரை. தலையணையில் சாய்த்து வைத்த தலையை அவரால் அசைக்க முடியாது.

"இடம் கிடைச்சிடுச்சுப்பா."

"சொல்லு, சொல்லு."

"எதிர்க்கரை. இடுகாடு."

அவர் விழித்தார். அவள் ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமில்லாமல், கத்தியைக் கிண்ணத்தில் அலசியபடியே சொன்னாள்: பைலட் கொண்டுவந்த சீட்டு, கரிக்கிடங்கு, மருத்துவமனை, கணு இல்லாத விரல். தாத்தா, தான் ஏறாத கப்பல் மூழ்கிய செய்தியைக் கேட்டுவிட்டு, கேட்டது கேட்டபடியே எதிர்க்கரையில் வாழ்ந்து முடித்ததைச் சொன்னாள். சொல்லிவிட்டு அந்த முகம் உடைவதைப் பார்ப்பதற்காகக் கத்தியைக் கீழே வைத்தாள்.

அப்பாவின் கண்கள் நிறைந்தன. உதடு நடுங்கியது. பிறகு அந்தப் பொக்கை வாய் முழுவதும் சிரிப்பாக விரிந்தது.

"சாகலையா? எங்கப்பா தண்ணியில மூச்சு முட்டிச் சாகலையா? எழுபது வயசு வரைக்கும் நல்லா இருந்தாரா!" அவர் விக்கி விக்கி அழுதார், சிரித்தார். "ராத்திரி ராத்திரி அவர் தண்ணியை முழுங்கற சத்தம் எனக்குக் கேட்கும் பாப்பா. எத்தனை வருஷம்! அடேயப்பா, நல்லவேளை. என் சாம்பலை அவர் பக்கத்துலயே போட்டுடு, கிட்டத்தானே, உனக்கும் அலைச்சல் இல்ல. அப்புறம்... நாளைக்கு மீன் வாங்கு."

"என்னது?"

"மீன்! அவரைத்தான் எதுவும் தின்னலையே. நானும் என்னைக்குத்தான் தின்னு பார்க்கிறது? முள் இல்லாததாப் பார்த்து வாங்கு, எனக்குப் பல் இல்லை."

"அப்பா, அவர் உங்களை வேணாம்னு விட்டுட்டுப் போனவர்."

"போனாப் போறார். செத்திருந்தா உனக்குத் திருப்தியா?"

"அப்போ என் கல்யாணம்?"

"எது?" என்றார் அவர். நெற்றியைச் சுருக்கி யோசித்தார். "ஓ, அந்த என்ஜின்காரனா! அட, அது எந்தக் காலத்துக் கதை. அதைப் போய் இன்னும் வெச்சுக்கிட்டு... விடு. கடைக்குக் காலையிலயே போயிடு, மத்தியானம் போனா அழுகினதைக் கட்டிடுவான்."

அவள் குனிந்து கத்தியை எடுத்தாள். நுரை காய்ந்திருந்ததால் மறுபடியும் தண்ணீர் தொட்டுக் குழைத்தாள். அவர் கன்னத்தில் கனிவாகப் பூசினாள்.

"பாப்பா, அவர் தனியாவா இருந்தார்? யாராவது பக்கத்துல இருந்தாங்களா?"

மாடிப்படிக்குக் கீழே இருந்த அறை அவள் கண்முன் வந்தது. உறவினர் கட்டத்தில் இழுத்திருந்த கோடு வந்தது. இரண்டையும் அவள் ஒதுக்கி வைத்தாள்.

"தனியா எதுக்கு இருக்கணும்? சம்சாரம் இருந்தாங்க. ஒரு பையன்."

"பையனா?"

"ஒரே பையன். கீழ விடமாட்டாராம். தோள்ல தூக்கி வெச்சுக்கிட்டுத்தான் கடைத்தெருவுக்கே வருவாராம். அவரே கடல்ல இறக்கி நீச்சல் கத்துக் குடுத்தாராம்."

அவர் சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது. உள்ளிருந்து தாங்குவார் இல்லாமல் அது மெதுவாகச் சரிந்தது. "பேரு என்ன வெச்சார்?"

"உங்க பேருதான்."

எண்பத்தாறு வயது முகத்தில், கூட்டத்தில் நசுங்கிய ஐந்து வயதுப் பையன் ஒருவன் எட்டிப் பார்த்துவிட்டு மறைந்ததை அவள் கண்ணால் கண்டாள். தாடையைப் பிடித்துத் திருப்பி, மிச்சமிருந்த பாதியையும் ஒரு கீறல் இல்லாமல் மழித்து முடித்தாள். துண்டால் ஒற்றியெடுத்தபோது அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்ள முயன்றார், கழுத்து வரவில்லை. கண்ணை மட்டும் மூடிக்கொண்டார்.

மூன்று நாட்கள் அவர் வாயைத் திறக்கவில்லை. உணவுக்கும் திறக்கவில்லை, பேச்சுக்கும் திறக்கவில்லை. அண்ணன் மாடிப்படியில் வழிமறித்தான்.

"என்ன சொல்லித் தொலைச்சே?"

"கேட்டதுக்குப் பதில் சொன்னேன்."

"மனுஷியா நீ?"

"இத்தனை நாள் இல்லைன்னு இப்பத்தான் தெரிஞ்சுதா?" என்றுவிட்டு அவள் படுக்கைத் துணிகளைத் துவைக்கப் போனாள். முப்பது வருடங்களில் முதல்முறையாக நன்றாகத் தூங்கி எழுந்திருந்தாள்.

நான்காம் நாள் மாலை அவர் கூப்பிட்டார். குரல் சன்னமாக இருந்தது. "பாப்பா, இப்படி உக்காரு."

அவர் அவளை உட்காரச் சொன்னது அவளுக்கு நினைவு தெரிந்து அதுவே முதல் தடவை. கட்டிலோரம் உட்கார்ந்தாள்.

"படுத்துக்கிட்டே எல்லாத்தையும் யோசிச்சுப் பார்த்தேன். உன் விஷயத்துல நான் நெனச்சது தப்பு."

அந்தச் சொல் அந்த வாயிலிருந்து வந்துவிட்டது.

"கடல் மேல பழியைப் போட்டது தப்பு. கடல் என்ன பண்ணும்? ஆம்பளைங்க புத்தி அப்படி. எங்கப்பாவே என்னைக் கழட்டிப் போட்டுட்டு, என் பேரை இன்னொருத்தனுக்கு வெச்சுக் கொஞ்சிக்கிட்டு இருந்தாருன்னா, அந்த என்ஜின்காரன் எம்மாத்திரம்? உன் கையில ஒரு பிள்ளையைக் குடுத்துட்டு எங்கயாவது ஒரு துறைமுகத்துல இன்னொரு குடித்தனம் பண்ணியிருப்பான். காரணம்தான் தப்பு பாப்பா, பண்ணின காரியம் சரி. உன்னைக் காப்பாத்தியிருக்கேன். இது தெரியாம, அவசரப்பட்டுட்டோமோன்னு நடுநடுவுல எனக்கே உறுத்தும். இப்பத்தான் மனசு ஆறிச்சு."

"உறுத்துமா?" என்று அவள் கேட்டாள். "உங்களுக்கு?"

"உறுத்தாம? நான் என்ன கல்லா? உன்னைக் கூப்பிட்டுச் சொல்லிடலாமான்னுகூட இருந்தது, போன வாரம்கூட. நல்லவேளை, சொல்லலை."

"அவன் யாரையும் விட்டுட்டுப் போகலைப்பா. நான் பார்த்தேன். பொண்டாட்டியோட கடைக்கு வந்தான்."

"இந்த வயசுல எங்க போவான்? ஓடற வயசுல ஓடியிருப்பான். அவகிட்ட கேட்டுப் பார், கதைகதையாச் சொல்லுவா."

சொன்னதெல்லாம் பொய், தாத்தா கடைசிவரை தனியாகவே இருந்தார் என்று சொல்ல அவள் வாய் திறந்தது. சொன்னால் அடுத்த நொடியே அந்தப் பொக்கை வாய் சிரிக்கும். தன் இடத்தில் வேறு பிள்ளையை வைக்காத அப்பாவை அவர் திரும்பப் பெற்றுவிடுவார். மகளின் கல்யாணம் மறுபடியும் எந்தக் காலத்துக் கதையோ ஆகிவிடும். சொல்லாவிட்டால், அவளைக் காப்பாற்றிய புண்ணியத்தோடு போய்ச் சேருவார். எந்தப் பக்கம் புரட்டிப் போட்டாலும் அவருக்கு வலிக்காத பக்கமே மேலே வந்தது. திறந்த வாயை அவள் மூடிக்கொண்டாள்.

"பசிக்குது" என்றார் அப்பா. "பாலாவது குடேன். மூணு நாளாப் பட்டினி போட்டிருக்கே."

அவள் எழுந்துபோய்ப் பாலைச் சுடவைத்து, ஆற்றி எடுத்து வந்தாள். இடக்கையால் அவர் தலையைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு, வலக்கையால் கரண்டி கரண்டியாக ஊட்டினாள். மாடியிலிருந்து எட்டிப் பார்த்த அண்ணன் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டான்.

"சாப்பிடறாரா? அப்பாடா. எப்படியோ சமாதானம் பண்ணிட்டியே, நல்ல காரியம் பண்ணே பாப்பா."

ஒவ்வொரு கரண்டிக்கும் அப்பா கண்ணை மூடி, ருசித்து விழுங்கினார். கடைவாயில் வழிந்ததை அவள் விரலால் துடைத்துவிட்டு, அடுத்த கரண்டியை ஊதினாள்.